ஒரு ஏ4 தாளில் நிற்கும் கார்: டயரை எப்போது மாற்ற வேண்டும்?

மாணவர்களே, ஓர் ஏ4 தாளை எடுத்துத் தரையில் வையுங்கள். ஐந்து பேர் ஏறிய ஒரு சிறிய கார் பினாங்குப் பாலத்தில் ஓடும்போது சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு முழுவதும் அந்தத் தாளுக்குள் அடங்கிவிடும். பிரேக் பிடித்தால் நிற்பதும், வளைவில் திரும்புவதும், மழையில் வழுக்காமல் போவதும் அந்த ஒரு தாள் அளவு ரப்பரின் வேலைதான்.

தீபாவளிக் காலம் வந்துவிட்டால் தீவிலிருந்து கெடாவுக்கும் பேராவுக்கும் கார்கள் வரிசையாகப் பாலம் ஏறும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை பினாங்கில் மழையும் அதிகம். நிறைய ஆட்கள், நிறையப் பெட்டிகள், நிறைய மழை. மூன்றும் ஒரே நேரத்தில் அந்த நான்கு டயர்களின் மேல் வந்து விழுகின்றன.

டயர் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், பலர் காலால் ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். உதைத்துப் பார்த்து டயரின் நிலையை அறிய முடியாது. அதற்கு மூன்று எண்கள் வேண்டும்: காற்றழுத்தம், பள்ளத்தின் ஆழம், டயரின் வயது. மூன்றையும் நீங்களே அளக்கலாம். மூன்றுக்கும் பின்னால் நீங்கள் பள்ளியில் படிக்கும் அறிவியல்தான் இருக்கிறது.

தாள் கணக்கு

முதலில் ஏ4 தாள் கணக்கைச் சரிபார்ப்போம். அழுத்தம் = விசை ÷ பரப்பளவு என்பது உங்களுக்குத் தெரியும். இதைத் திருப்பிப் போட்டால் பரப்பளவு = விசை ÷ அழுத்தம்.

கார் 1,000 கிலோகிராம், ஆட்கள் 300 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,300 கிலோகிராம். இதை 9.8 ஆல் பெருக்கினால் எடை 12,740 நியூட்டன். டயருக்குள் காற்றழுத்தம் 220 கிலோபாஸ்கல், அதாவது 220,000 பாஸ்கல். வகுத்துப் பாருங்கள்: 0.0579 சதுர மீட்டர், அதாவது 579 சதுர சென்டிமீட்டர். ஏ4 தாளின் பரப்பளவு சுமார் 624 சதுர சென்டிமீட்டர். டயரின் பக்கச்சுவரும் எடையில் கொஞ்சம் தாங்கும் என்பதால் இது தோராயக் கணக்கு.

நான்கு டயருக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 145 சதுர சென்டிமீட்டர். விரல்களைச் சேர்த்து வைத்த ஒரு பெரியவரின் கை அளவுதான். இந்தக் கணக்கில் காரைத் தாங்கி நிற்பது காற்று என்பதைக் கவனியுங்கள். ரப்பரும் அதற்குள் இருக்கும் நார் அடுக்குகளும் எஃகுக் கம்பிகளும் அந்தக் காற்றை அடைத்து வைத்திருக்கும் பை. ஆகவே முதல் எண் காற்றழுத்தம்.

முதல் எண்: காற்றழுத்தம்

உங்கள் வீட்டுக் காருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால், தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் எழுதியிருக்கும். ஆட்கள் குறைவாக இருக்கும்போது ஓர் எண், முழுச் சுமைக்கு வேறோர் எண் என இரண்டு எண்கள் இருந்தால் பண்டிகைப் பயணத்துக்கு இரண்டாவது எண்ணே பொருந்தும். டயரின் பக்கச்சுவரிலும் ஓர் அழுத்த எண் இருக்கும். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அந்த அளவுக்குக் காற்று அடிக்கக் கூடாது.

எப்போது அளப்பது? டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில், கார் ஓடத் தொடங்கும் முன். காரணத்தை வாயு விதி சொல்கிறது. கன அளவு மாறாத வாயுவின் அழுத்தம், கெல்வின் வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் உயரும்.

காலையில் டயர் 27 பாகை செல்சியஸ், அதாவது 300 கெல்வின். மானி காட்டுவது 220. மானி வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்துவிட்டுக் காட்டுவதால், கணக்குக்கு 101 ஐச் சேர்க்க வேண்டும்: 321 கிலோபாஸ்கல். நெடுஞ்சாலையில் ஓடி டயர் 57 பாகைக்கு, அதாவது 330 கெல்வினுக்குச் சூடாகிறது. 321 × 330 ÷ 300 = 353. அதில் 101 ஐக் கழித்தால் மானி 252 காட்டும்.

இதைப் பார்த்து, "காற்று அதிகமாகிவிட்டது" என்று 220 க்குக் குறைத்துவிட்டால் என்ன ஆகும்? மறுநாள் காலை குளிர்ந்த டயரில் 191 தான் இருக்கும். சூடான டயரில் காற்றை இறக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். பெட்ரோல் நிலையம் வீட்டுக்கு அருகில் இருந்தால் மெதுவாக ஓட்டிப்போய் அங்கேயே அளக்கலாம்.

காற்று குறைந்தால் ஏற்படும் கேட்டைப் பார்ப்போம். டயரின் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்கு 12 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் ஒருமுறை நசுங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை விடாமல் வளைத்து நிமிர்த்தினால் மடிப்பு சுடும் அல்லவா? டயரும் அப்படித்தான். காற்று குறையக் குறைய நசுங்கல் கூடும், வெப்பம் ஏறும், உள்ளே அடுக்குகளின் பிணைப்பு தளரும். நெடுஞ்சாலையில் டயர் வெடித்துச் சிதறுவதற்கு இது முக்கியமான காரணம்.

இக்காலத்து ரேடியல் டயர் காற்று சரியாக இருக்கும்போதே கீழே சற்றுப் பிதுங்கித்தான் நிற்கும். அதனால் 220 இருக்க வேண்டிய டயரில் 160 இருந்தாலும் கண்ணுக்கு வேறுபாடு எளிதில் தெரியாது. ஆணி குத்தாவிட்டாலும் மாதத்துக்குச் சுமார் 7 கிலோபாஸ்கல் கசிந்து குறைவது இயல்பு. மாதம் ஒருமுறையும், நீண்ட பயணத்துக்கு முன்பும் அளக்க வேண்டும். பின்பெட்டியில் கிடக்கும் மாற்று டயரையும் சேர்த்து.

இரண்டாம் எண்: பள்ளத்தின் ஆழம்

டயரின் மேல் செதுக்கியிருக்கும் கோலத்தை மலாயில் "பூங்ஙா தாயார்", அதாவது டயரின் பூ என்பார்கள். அந்தப் பூ எதற்கு? காய்ந்த சாலைக்கு அது தேவையே இல்லை. பந்தயக் கார்கள் காய்ந்த தடத்தில் வழுவழுப்பான டயரில்தான் ஓடுகின்றன. பூ மழைக்காக வைத்தது.

பாலத்தில் 2 மில்லிமீட்டர் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டயரின் அகலம் 17.5 சென்டிமீட்டர். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 22.2 மீட்டர். மூன்றையும் பெருக்கினால் ஒரு டயர் ஒரு விநாடியில் விலக்க வேண்டிய தண்ணீர் கிட்டத்தட்ட 8 லிட்டர். ஒரு சிறிய வாளித் தண்ணீர். டயரின் ஒரு புள்ளி சாலையைத் தொட்டு மீளக் கிடைக்கும் நேரமோ விநாடியில் இருநூறில் ஒரு பங்கு. அதற்குள் தண்ணீர் ஓடித் தப்பிக்கும் வாய்க்கால்கள்தான் அந்தப் பள்ளங்கள்.

புதிய கார் டயரில் பள்ளத்தின் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். 1.6 மில்லிமீட்டராகத் தேய்ந்துவிட்டால், வாய்க்காலின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு. விலகாத தண்ணீர் டயருக்கும் சாலைக்கும் நடுவே ஆப்புப் போல நுழைந்து டயரைத் தூக்கிவிடும். கார் அப்போது சாலையில் ஓடவில்லை, தண்ணீரில் மிதக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் பிரேக்கை மிதித்தாலும் பலன் இல்லை. இதை ஹைட்ரோபிளேனிங் என்பார்கள். நாம் நீர்ச்சறுக்கல் எனலாம்.

எந்த வேகத்தில் இது நடக்கும்? மழையில் தரையிறங்கும் விமானங்களுக்காக நாசா ஆய்வாளர்கள் 1963 இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். நம் அலகுகளில் அது:

நீர்ச்சறுக்கல் வேகம் (கி.மீ./மணி) = 6.35 × √காற்றழுத்தம் (கிலோபாஸ்கல்)

வர்க்கமூலம் எங்கிருந்து வந்தது? வேகம் இரட்டித்தால் தண்ணீர் டயரைத் தள்ளும் அழுத்தம் நான்கு மடங்காகும். அந்த அழுத்தம் டயரின் அழுத்தத்தை எட்டும்போது டயர் எழும்புகிறது. டயர் மொட்டையாக இருக்கும்போது, அல்லது தண்ணீர் பள்ளத்தை மீறி நிற்கும்போது இந்தச் சூத்திரம் பொருந்தும்.

இப்போது எண்களைப் போடுங்கள். 220 கிலோபாஸ்கல் என்றால் மணிக்கு 94 கிலோமீட்டர். 150 கிலோபாஸ்கல் என்றால் 78 கிலோமீட்டர். பினாங்குப் பாலத்தின் வேக வரம்பு 80. காற்று குறைந்த மொட்டை டயரில், சட்டப்படி சரியான வேகத்தில் போனாலும் கார் மிதக்கலாம். வரம்புக்குள் போகிறோம் என்பது மட்டும் போதாது. கனமழையில் வேகத்தை இன்னும் குறைப்பதே அறிவு.

மிதக்காவிட்டாலும் ஈரச் சாலையில் பிடிப்பு குறையும். பிரேக் போட்டபின் கார் ஓடும் தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × உராய்வுக் குணகம் × 9.8). உதாரணமாக, குணகம் 0.7 ஆக இருந்தால் 80 கிலோமீட்டர் வேகத்தில் 36 மீட்டரில் கார் நின்றுவிடும். 0.4 ஆகக் குறைந்தால் 63 மீட்டர் வேண்டும். வேறுபாடு 27 மீட்டர். முன்னால் நிற்கும் கார் அந்த 27 மீட்டருக்குள் இருந்தால்?

1.6 மில்லிமீட்டர் என்பது மலேசியாவில் சட்டம் ஏற்கும் கடைசி எல்லை. அந்த எல்லை டயரிலேயே எழுதியிருக்கிறது. முக்கியப் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறிய ரப்பர் மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். மேடும் டயரின் மேற்பரப்பும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த டயரின் காலம் முடிந்தது. ஆனால் அதுவரை காத்திருப்பது நம் மழைக்கு ஏற்றதல்ல. 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றத் தயாராவது நல்லது.

மூன்றாம் எண்: வயது

பள்ளம் ஆழமாக இருக்கிறது, காற்றும் சரி. அப்படியும் டயரை மாற்ற வேண்டி வரலாம். காரணம் ரப்பரின் வேதியியல்.

ரப்பரின் கதை நம் கதையும்கூட. பிரேசிலிலிருந்து 1876 இல் லண்டன் கியூ பூங்காவுக்குப் போன விதைகளில் முளைத்த 22 நாற்றுகள் 1877 இல் சிங்கப்பூருக்கு வந்தன. 1888 இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். அதே 1888 இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். கார்கள் பெருகின, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது, மலாயாவில் பால்மரத் தோட்டங்கள் பரவின. அந்தத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் பலர் கப்பலிலிருந்து பினாங்கில் இறங்கினார்கள். பாலத்தில் போகும்போது தெற்கே தெரியும் ஜெரஜாக் தீவில்தான் அன்றைய நோய்த்தடுப்பு முகாம் இருந்தது. உங்களில் பலரின் கொள்ளுத்தாத்தாவும் பாட்டியும் விடியற்காலையில் வெட்டிய பால், உலகின் சாலைகளில் டயராக ஓடியிருக்கிறது.

மரத்துப்பால் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. ஒரு தட்டு மீயை நினைத்துக்கொள்ளுங்கள். இழைகள் ஒன்றோடொன்று சிக்கியிருந்தாலும் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுப்பதும் இதனால்தான். 1839 இல் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினார். கந்தக அணுக்கள் இழைக்கும் இழைக்கும் இடையே முடிச்சுப் போட்டன. இழுத்தாலும் பழைய வடிவுக்கு மீளும் உறுதியான ரப்பர் கிடைத்தது.

ஆனால் அந்தச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றில் உள்ள ஓசோன் அவற்றைத் தாக்கி வெட்டுகிறது. ஆக்ஸிஜனும் வெப்பமும் புதிய முடிச்சுகளைப் போட்டு ரப்பரை விறைக்கச் செய்கின்றன. ரப்பரோடு கலக்கும் கரித்தூள் உறுதியைத் தருவதோடு புற ஊதாக் கதிரையும் தடுக்கிறது. டயர் கறுப்பாக இருப்பது அந்தக் கரித்தூளால்தான். மெழுகு வகைகளும் சேர்த்திருப்பார்கள். டயர் ஓடி நெளியும்போது மெழுகு மேற்பரப்புக்கு வந்து கவசமாகும். அதனால்தான் மாதக்கணக்கில் வெயிலில் ஓடாமல் நிற்கும் காரின் டயரில் வெடிப்புகள் சீக்கிரம் தோன்றுகின்றன. பூ புதிதாக இருக்கும், ரப்பர் கிழடாகியிருக்கும்.

வயதை எப்படி அறிவது? பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். "2319" என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. ஒரு பக்கம் காணவில்லை என்றால் டயரின் உட்பக்கத்தில் இருக்கும். 5 ஆண்டைத் தாண்டிய டயரை ஆண்டுதோறும் நிபுணரிடம் காட்டுங்கள் என்றும், 10 ஆண்டைத் தாண்டியதைப் பள்ளம் மிச்சமிருந்தாலும் மாற்றுங்கள் என்றும் பல தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துகிறார்கள். நம் வெயிலில் 10 வரை போகாமல் இருப்பது மேல். பழைய டயரை மலிவாக வாங்கும்போதும் முதலில் பார்க்க வேண்டியது இந்த நான்கு இலக்கங்களை.

தேய்மானத்தைப் படியுங்கள்

டயர் தேய்ந்திருக்கும் விதமே நோயைச் சொல்லிவிடும்.

• இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி தேயாமல் இருந்தால்: நீண்ட நாளாகக் காற்று குறைவு.

• நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால்: காற்று அதிகம்.

• ஒரே ஓரம் தேய்ந்திருந்தால்: சக்கரங்களின் கோணம் சரியில்லை, அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

• திட்டுத்திட்டாகக் குழிந்திருந்தால்: பாலன்சிங் அல்லது அதிர்வுதாங்கியில் கோளாறு.

• பக்கச்சுவரில் கொப்புளம் போல் வீங்கியிருந்தால்: உள்ளே நார் அறுந்துவிட்டது. ஜார்ஜ்டவுனின் குறுகிய தெருக்களில் சாலையோரத் திட்டில் இடித்து ஏற்றி நிறுத்தினால் இப்படி ஆகும். இதற்கு ஒட்டுப் போட முடியாது. உடனே மாற்ற வேண்டும்.

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் முன் டயர்கள் சீக்கிரம் தேயும். சுமார் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் இடம் மாற்றினால் நான்கும் சமமாகத் தேயும்.

இரண்டு டயர் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால் புதியவற்றை எங்கே போடுவது? பலர் முன்னால் என்பார்கள். பின்னால் போடுவதே சரி. முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், வேகத்தைக் குறைத்தால் பிடிப்பு திரும்பலாம். பின் டயர் வழுக்கினால் கார் பம்பரம் போலச் சுழன்றுவிடும். அதை மீட்பது மிகக் கடினம்.

கழற்றிய பழைய டயரைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். வீட்டுப் பின்புறம் போட்டால், எப்படிக் கிடந்தாலும் அதற்குள் மழைநீர் தேங்கும். டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட விரும்பும் இடம் அது.

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கார் சமதரையில், என்ஜின் நின்று, கைப்பிரேக் போட்டு இருக்க வேண்டும்.

1. கதவுத் தூண் அட்டையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த டயரில் அழுத்தத்தை அளந்து ஒப்பிடுங்கள்.

2. ஒரு தீக்குச்சியைப் பள்ளத்தில் செங்குத்தாக நிறுத்தி, டயரின் மேற்பரப்பு மட்டத்தில் நகத்தால் அடையாளம் வைத்து அடிக்கோலால் அளந்து பாருங்கள். பள்ளியில் வெர்னியர் கேலிபர் இருந்தால், அதன் வாலில் நீளும் மெல்லிய கம்பி ஆழத்தை அளக்கத்தான். குறுக்கு மேட்டின் மேல் அளக்காதீர்கள். வெளி ஓரம், நடு, உள் ஓரம் என மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறைந்த எண்ணை எழுதுங்கள்.

3. நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள். ஐந்தாவது டயரை மறக்காதீர்கள்.

ஒரு நோட்டில் அட்டவணை போட்டு மாதந்தோறும் எழுதி வந்தால், டயர் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதும் தெரியும். யாராவது "மாற்றியே ஆக வேண்டும்" என்றாலும், "இன்னும் ஓடும்" என்றாலும், "எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது? எந்த ஆண்டு டயர்?" என்று கேளுங்கள். தேவையில்லாமல் மாற்றினால் பணம் வீண். மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றாவிட்டால் இழப்பு பணத்தோடு நிற்காது.

சிந்தித்து விடை காணுங்கள்

1. காலையில் 27 பாகையில் மானி 230 கிலோபாஸ்கல் காட்டியது. டயர் 47 பாகைக்குச் சூடானால் எவ்வளவு காட்டும்?

2. "4421" என்று பதித்த டயர் எப்போது செய்தது? அதற்கு எந்த ஆண்டில் 5 வயது நிறையும்?

3. நம் நாட்டில் 16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கலாம். ஓட்டுநரோடு 170 கிலோகிராம் உள்ள மோட்டார் சைக்கிளின் இரு டயர்களிலும் 200 கிலோபாஸ்கல் காற்று இருந்தால், சாலையைத் தொடும் மொத்தப் பரப்பு எவ்வளவு?

விடைகள்: 1. ஏறக்குறைய 252 கிலோபாஸ்கல். 2. 2021 ஆம் ஆண்டின் 44 ஆவது வாரம், 2026. 3. சுமார் 83 சதுர சென்டிமீட்டர். ஏ4 தாளில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. மோட்டார் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறவர்கள் தங்கள் டயரை இன்றே அளந்துவிடுங்கள்.